கண்காட்சி மேசையில் ஓர் எறும்புக் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிகளில் அறிவியல் கண்காட்சி நடக்கும் பருவத்தில் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கங்கள் அவற்றுக்குத் தாராளமாக இடம் தருகின்றன. அரசுப் பள்ளிகளில் நெடுங்காலம் விலங்கியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் அதற்கு முதலில் நன்றி கூறுகிறேன். அந்தப் படங்களில் திரும்பத் திரும்ப வருபவை தெர்மகோலில் செய்த அணைக்கட்டு, சமையல் சோடாவும் வினிகரும் பொங்கி வழியும் எரிமலை, ஊசிக்குழாய்களில் நீர் நிரப்பி இயக்கும் பளுதூக்கி ஆகியவைதான். அவற்றைச் செய்த பிள்ளைகளின் உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கையால் ஒன்றைச் செய்து பார்ப்பதும் கல்விதான். ஆனால், விடை முன்பே தெரிந்த ஒன்றைச் செய்து காட்டுவதும், விடை தெரியாத ஒன்றை அளந்து பார்த்துக் கண்டறிவதும் வெவ்வேறு வேலைகள். இந்த இரண்டாவது வேலைக்கு நம் கண்காட்சி மேசைகளில் இடம் கிடைப்பதில்லை என்பது என் நெடுநாளைய கவலை. அத்தகைய ஒரு சோதனையை, அதாவது வெப்பநிலைக்கும் பூச்சிகளின் நடத்தைக்கும் உள்ள தொடர்பை மாணவர்கள் தாங்களே அளந்து பார்ப்பதை, முன்வைத்துச் சற்று விரிவாக எழுத இடம் தர வேண்டுகிறேன்.

அண்மையில் எங்கள் பகுதியில் நடந்த ஒரு கண்காட்சியில் ஒன்பதாம் வகுப்பு மாணவியர் இருவர் ஒரு நோட்டையும் ஒரு வெப்பமானியையும் மட்டும் மேசைமேல் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தனர். வெப்பநிலை மாறும்போது எறும்பின் நடை வேகம் மாறுகிறதா என்பதே அவர்களுடைய கேள்வி. பள்ளிச் சுற்றுச்சுவரின் அடியில் சிமெண்டுத் தரைமேல் செல்லும் எறும்புச் சாரையின் குறுக்கே, 30 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடுகளைச் சுண்ணக்கட்டியால் வரைந்திருக்கிறார்கள். ஓர் எறும்பு முதல் கோட்டைத் தாண்டியது முதல் இரண்டாம் கோட்டைத் தாண்டும் வரை ஆகும் நேரத்தைக் கைப்பேசியில் அளந்து, அதே கணத்தில் தரையின் வெப்பநிலையையும் குறித்திருக்கிறார்கள். காலையில் அளந்த எண்களும் முற்பகலில் அளந்த எண்களும் தெளிவாக வேறுபட்டிருந்தன. நண்பகலுக்கான கட்டங்களில் எண்களே இல்லை; "எறும்பு வரவில்லை" என்று மட்டும் எழுதியிருந்தது. வேறு சில கட்டங்களில் "பாதியில் திரும்பிவிட்டது", "இரை தூக்கி வந்தது, சேர்க்கவில்லை" என்ற குறிப்புகள் இருந்தன. அந்த நோட்டை நான் நின்று முழுவதும் படித்தேன். ஒரு பள்ளி மாணவியின் கையெழுத்தில் இவ்வளவு நேர்மையான பதிவைப் பார்த்து நெடுநாளாயிற்று.

நடுவராக வந்தவர் அவர்களிடம் கேட்ட கேள்விகள் இரண்டே. "மாடல் எங்கே?" என்பது ஒன்று, "இதனால் என்ன பயன்?" என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. இரண்டாவதற்குச் சொல்லத் தொடங்குமுன்பே அவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அவரைக் குறைகூறுவது என் நோக்கமன்று. அவர் கையில் தரப்பட்டிருந்த மதிப்பெண் தாளில் மாதிரியின் தோற்றம், இயங்கும் திறன், விளக்கும் திறன் ஆகியவற்றுக்குக் கட்டங்கள் இருந்தன. அளவீட்டுப் பதிவுக்கென்று ஒரு கட்டம்கூட இல்லை. ஆகவே அந்த மாணவியருக்குச் சொல்லப்படாமல் போன பதிலை இங்கே நான் எழுதுகிறேன்.

மனித உடல் தன்னுடைய வெப்பத்தை ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸில் விடாமல் காத்துக்கொள்கிறது. பெரும்பாலான பூச்சிகளுக்கு அந்த ஏற்பாடு இல்லை. சுற்றியுள்ள காற்றும் அவை நிற்கும் தரையும் எப்படியோ அப்படியே அவற்றின் உடல் வெப்பமும் ஏறி இறங்குகிறது. தசை சுருங்குவதும், நரம்பில் செய்தி ஓடுவதும், உண்டது செரிப்பதும் முடிவில் வேதிவினைகள்தாம். வேதிவினையின் வேகம் வெப்பநிலையோடு எவ்வாறு உயர்கிறது என்பதை ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் ஸ்வான்டே அர்ரீனியஸ் 1889இல் ஒரு சமன்பாடாக எழுதினார். உயிர்களிடத்தில் நடக்கும் பல செயல்கள், 10 டிகிரி வெப்பம் கூடினால் ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மடங்கு விரைவாகின்றன என்பது உடலியலில் பொதுவாகக் கையாளப்படும் அளவு. மேல்நிலை வகுப்பு வேதியியலில் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் அந்தச் சமன்பாடு, சுற்றுச்சுவர் அடியில் ஓடும் எறும்பின் கால்களில் நடந்துகொண்டே இருக்கிறது. அதை ஒன்பதாம் வகுப்பு மாணவியர் கடிகாரத்தால் பிடித்துக் காட்டியிருக்கிறார்கள்.

இது சிறுபிள்ளை விளையாட்டு என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. நம் சூரியன் பால்வீதியின் மையத்தில் இல்லை, மையத்திலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது என்று காட்டிய அமெரிக்க வானியலாளர் ஹார்லோ ஷாப்லி, கலிஃபோர்னியாவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் பணியாற்றிய ஆண்டுகளில், அந்த மலையில் ஓடும் எறும்புகளின் வேகத்தையும் அளந்தார். வெப்பநிலைக்கும் ஓட்டத்துக்கும் உள்ள தொடர்பு மிகவும் சீராக இருந்ததால், எறும்பின் வேகத்தை மட்டும் கொண்டு அப்போதைய வெப்பநிலையை ஏறத்தாழ ஒரு டிகிரி வேறுபாட்டுக்குள் சொல்லிவிட முடிந்தது. 1920இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழ் அதை வெளியிட்டது. அவர் செய்த சோதனைக்கும் நம் மாணவியர் செய்ததற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை: குறித்த தூரம், ஒரு கடிகாரம், ஒரு வெப்பமானி, பொறுமை.

ஒலியை வைத்தும் இதைச் செய்யலாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் டஃப்ட்ஸ் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஏமஸ் டால்பேர், 1897இல் சில்வண்டை ஒரு வெப்பமானியாகக் கொள்ளலாம் என்று காட்டி ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். வண்டு ஒரு நிமிடத்தில் எத்தனை முறை ஒலிக்கிறது என்று எண்ணி, அதிலிருந்து 40ஐக் கழித்து, மீதியை நான்கால் வகுத்து, 50ஐக் கூட்டினால் ஃபாரன்ஹீட் அளவில் வெப்பநிலை கிடைக்கும் என்பது அவருடைய சூத்திரம். நிமிடத்துக்கு 100 முறை ஒலித்தால் 65 டிகிரி ஃபாரன்ஹீட். அதாவது ஏறத்தாழ 18 டிகிரி செல்சியஸ். ஆறாம் வகுப்புக் கணக்குத் தெரிந்த பிள்ளையும் போட்டுவிடலாம். டால்பேருக்குப் பல ஆண்டுகள் முன்பே, 1881இல், மார்கரெட் ப்ரூக்ஸ் என்ற பெண்மணி இதே தொடர்பை எழுதி வெளியிட்டிருந்தார் என்பதையும், ஆனால் விதிக்கு டால்பேரின் பெயரே நிலைத்துவிட்டது என்பதையும் நம் மாணவியருக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தச் சூத்திரத்தை அப்படியே எடுத்துவந்து நம் ஊரில் பொருத்தக் கூடாது என்பதுதான் இங்கே முக்கியமானது. டால்பேர் தம் கட்டுரையில் எந்த வகை வண்டு என்று குறிப்பிடவில்லை. அது வட அமெரிக்காவின் வெண்ணிற மரச் சில்வண்டாக இருக்க வேண்டும் என்று பின்னால் வந்தவர்கள் முடிவுசெய்தனர். நம் கொல்லைப்புறத்தில் இரவில் ஒலிப்பது வேறு இனம்; அதன் இறகும் வேறு, தாளமும் வேறு. ஆகவே நம் மாணவர்கள் தங்கள் ஊர்ப் பூச்சிக்குத் தாங்களே ஒரு புதிய சூத்திரம் காண வேண்டியிருக்கும். பாடநூலின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி விடையைப் பார்க்க முடியாத ஒரு கணக்கு அது. ஆணே ஒலி எழுப்புகிறது. ஓர் இறகின் விளிம்பை மற்றோர் இறகின் பற்கள் போன்ற நரம்பின்மேல் தேய்த்து எழுப்புகிறது. வெப்பம் கூடும்போது ஆணின் தாளம் விரைவாகிறது. அதைக் கேட்டு வரும் பெண் எதிர்பார்க்கும் தாளமும் அதே அளவில் மாறுகிறது என்பதை மரச் சில்வண்டுகளில் தாமஸ் வாக்கர் 1957இல் காட்டினார். குளிர்ந்த இரவில் மெதுவாகப் பாடும் ஆணைப் பெண் தவறாகப் புரிந்துகொள்ளாமல் இருப்பது இதனால்தான்.

சமவெளியில் இச்சோதனைக்கு ஒரு தடை உண்டு. சித்திரை, வைகாசி இரவுகளில் வெப்பநிலை அதிகம் ஏறி இறங்குவதில்லை. சிறிய வேறுபாட்டில் தாளத்தின் மாற்றத்தைக் கண்டுபிடிப்பது கடினம். ஆனால் நம் மாநிலத்தின் நில அமைப்பே அதற்கு வழி வைத்திருக்கிறது. சேலம் நகரிலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டுக்குப் பேருந்தில் போய் வந்துவிடலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலான உதகைக்குச் செல்லும் மலைச்சாலை 50 கி.மீ. அளவே. அடிவாரத்தில் ஒரு பள்ளி, நடுவழியில் ஒரு பள்ளி, மலைமேல் ஒரு பள்ளி என்று சேர்ந்து, ஒரே இரவில் ஒரே நேரத்தில் அவரவர் இடத்திலுள்ள பூச்சியின் தாளத்தை எண்ணி, கைப்பேசியில் ஒலிப்பதிவும் செய்து பரிமாறிக்கொண்டால், எந்த ஆய்வகமும் இல்லாமலேயே பத்து டிகிரிக்கும் மேற்பட்ட வேறுபாடு கைக்கு வந்துவிடும். உயரம் மாறும்போது பூச்சியின் இனமும் மாறிவிடக்கூடும் என்பதால் ஒலிப்பதிவுகளை ஒப்பிட்டு ஒரே இனம்தானா என்று பார்க்க வேண்டும். அந்தப் பார்வையே இன்னொரு பாடம்.

மாணவியரின் நோட்டில் வெறுமையாக இருந்த நண்பகல் கட்டத்துக்கு வருகிறேன். அதைப் பார்த்த சிலர் சோதனை தோல்வி என்று எண்ணியிருக்கக்கூடும். எனக்கு அந்தப் பக்கத்தின் மிகச் சிறந்த பகுதி அதுதான். வெப்பம் ஏற ஏறப் பூச்சியின் வேகம் மெல்ல மெல்ல உயர்ந்துகொண்டே போய், ஓர் உச்சத்தை எட்டி, அதைத் தாண்டியதும் திடீரென்று விழுந்துவிடும். ஏற்றம் நிதானமானது, இறக்கம் செங்குத்தானது. உச்சத்துக்குச் சற்று மேலேயே உயிருக்கு ஆபத்து இருப்பதால், பெரும்பாலான எறும்புகள் அதற்கு முன்பே புற்றுக்குள் போய்விடுகின்றன. சித்திரை மாத நண்பகலில் சிமெண்டுத் தரையில் வெறுங்காலை வைத்தவர்கள் எவருக்கும் அதன் காரணம் புரியும். இதற்கு நேர் எதிராக, சகாரா பாலைவனத்து வெள்ளி எறும்புகள் தரையின் வெப்பம் 46 டிகிரியைத் தாண்டிய பிறகே இரை தேட வெளியே வருகின்றன. அவற்றைத் தின்னும் பல்லிகள் அந்நேரம் வெப்பம் தாங்காமல் ஒதுங்கிவிடுவதே காரணம். ஆனால் உடல் வெப்பம் 53 டிகிரியைச் சற்றுத் தாண்டினால் அந்த எறும்புகளும் பிழைக்க முடியாது. ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த ரூடிகர் வேனரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1992இல் இதை வெளியிட்டனர். நம் ஊர் எறும்புகள் எத்தனை டிகிரியில் வெளியே வருவதை நிறுத்துகின்றன, மாலையில் எத்தனை டிகிரிக்கு இறங்கியதும் மீண்டும் வருகின்றன, இரண்டும் ஒரே எண்ணா என்ற கேள்விகள் அந்த வெறுமையான கட்டத்திலிருந்து பிறக்கின்றன. "எறும்பு வரவில்லை" என்பதும் ஓர் அளவீடு.

"இதனால் என்ன பயன்?" என்ற கேள்வி தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கேட்கப்பட்டது என்பதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இங்கே எத்தனையோ குடும்பங்கள் பட்டுப்புழு வளர்த்துப் பிழைக்கின்றன. அந்த மாணவியருள் ஒருவரின் வீட்டிலும் புழு வளர்ப்பு மனை இருக்கிறது. சாக்கிப் புழுக்களுக்கு, அதாவது இளம்புழுக்களுக்கு, 27, 28 டிகிரி வெப்பமும் மிகுந்த ஈரப்பதமும் வேண்டும். வளர்ந்த புழுக்களுக்கு 24, 25 டிகிரி போதும், ஈரப்பதமும் குறைய வேண்டும். கோடையில் மனையின் வெப்பம் கட்டுக்கடங்காமல் போனால் புழு மல்பெரி இலையைச் சரியாகத் தின்னாது, நோய் பரவும், கூடு மெலியும். அதனால்தான் பங்குனி, சித்திரையில் ஜன்னல்களில் ஈரச் சாக்கைத் தொங்கவிடுகிறார்கள். வெப்பநிலைக்கும் பூச்சியின் நடத்தைக்கும் உள்ள தொடர்பால் வருமானம் ஏறி இறங்குவதை நாள்தோறும் பார்க்கும் வீட்டுப் பிள்ளைக்கு, அந்தத் தொடர்பை எண்ணால் எழுதத் தெரிந்தால் அது பயனில்லாத அறிவாகுமா?

தேனீயை எடுத்துக்கொண்டால் விந்தை இன்னும் கூடும். தனித்தனியே பார்த்தால் தேனீயும் குளிர்ந்த நேரத்தில் செயலிழக்கும் உயிர்தான். ஆனால் கூட்டமாகச் சேரும்போது, குஞ்சுகள் வளரும் அடையின் வெப்பத்தை 34 முதல் 36 டிகிரிக்குள் காத்துக்கொள்கிறது. குளிர்ந்தால் பறக்கும் தசைகளை இறகசைக்காமல் அதிரச் செய்து சூடாக்குகிறது. வெப்பம் மிகுந்தால் தண்ணீர் கொண்டுவந்து தெளித்து இறகால் விசிறுகிறது. ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூர்கன் டவுட்ஸ் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், கூட்டுப்புழுப் பருவத்தில் 32 டிகிரியில் வளர்ந்த தேனீக்கள், 36 டிகிரியில் வளர்ந்தவற்றைவிட நடனத்திலும் கற்றலிலும் பின்தங்கியிருந்தன. நான்கு டிகிரி வேறுபாடு, அதுவும் பிறக்கும் முன்பு நேர்ந்தது, பிறகு வாழ்நாள் நடத்தையில் தெரிகிறது. பயிர்ப் பூச்சிகளைப் பற்றி விரித்துச் சொல்லத் தேவையில்லை. முட்டை எப்போது பொரிக்கும், புழு எப்போது கூடு கட்டும் என்பதை அன்றாட வெப்பநிலைகளைக் கூட்டிக் கணக்கிடும் முறையை வேளாண் துறையினர் நன்கு அறிவார்கள்.

சோதனையைச் சரியாகச் செய்ய ஆசிரியரின் துணை தேவை என்பதால் அது பற்றியும் சில சொல்ல விரும்புகிறேன். முதல் சிக்கல் வெப்பமானியிலேயே இருக்கிறது. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது. அதன் அளவுகோல் 35 முதல் 42 டிகிரி வரைதான், ஏறிய பாதரசமும் உதறினாலன்றி இறங்காது. கொரோனா காலத்தில் பள்ளிகளுக்கு வாங்கிய நெற்றி வெப்பமானிகளும் மனித உடல் வெப்பத்தை ஒட்டிய அளவுகளுக்காகவே செய்யப்பட்டவை. பள்ளி ஆய்வகத்தில் நீரைக் கொதிக்கவைக்கப் பயன்படும், 110 டிகிரி வரை காட்டும் சாதாரண வெப்பமானியே இதற்கு ஏற்றது. அதன் குமிழை எறும்பு நடக்கும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி வைக்க வேண்டும். ஆள் உயரத்தில் பிடித்துக் காற்றின் வெப்பத்தைக் குறித்தால், எறும்பு உணரும் வெப்பத்துக்கும் அதற்கும் பெரிய இடைவெளி வந்துவிடும்.

அடுத்தது, இன்னும் நுட்பமான சிக்கல். காலையிலும் முற்பகலிலும் மாலையிலும் அளக்கும்போது மாறுவது வெப்பநிலை மட்டுமன்று. வெளிச்சம் மாறுகிறது, காற்றின் ஈரப்பதம் மாறுகிறது, எறும்புக்கு உள்ளேயே இருக்கும் நாள் கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கிறது. வேகம் கூடியது இவற்றில் எதனால் என்று எப்படிச் சொல்வது? நான் அந்த மாணவியரிடம் இதைக் கேட்டபோது ஒருவர் சற்று யோசித்துவிட்டு, ஒரே சாரையின் ஒரு பாதிக்கு மட்டும் அட்டையால் நிழல் கொடுத்து, தரை குளிர்ந்த பிறகு இரண்டு பாதியிலும் ஒரே நேரத்தில் அளந்தால் நேரம் என்ற காரணம் கழிந்துவிடும் அல்லவா என்றார். வெளிச்சம் என்ற காரணம் அப்போதும் மீதமிருக்கும் என்பது உண்மை. ஆனால் கட்டுப்பாட்டுச் சோதனை என்பதன் கருத்து அந்தப் பெண்ணுக்குப் பிடிபட்டுவிட்டது. பாடநூலில் வரையறையாகப் படித்திருந்தால் இது நடந்திருக்காது.

இரை தூக்கிவரும் எறும்பையும் வெறுமனே வரும் எறும்பையும் ஒன்றாகச் சேர்த்துச் சராசரி எடுக்கக் கூடாது. மேட்டில் ஏறுவதையும் சமதரையில் நடப்பதையும் கலக்கக் கூடாது. ஒரு புற்றின் எறும்புகளை மட்டும் அளந்துவிட்டு எறும்பினம் முழுவதற்கும் முடிவு சொல்லக் கூடாது. கடிகாரத்தை அழுத்தும் விரலுக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு வினாடி தாமதம் உண்டு. விரைந்து ஓடும் எறும்பைக் குறுகிய தூரத்தில் அளந்தால் அந்தத் தாமதமே அளவைக் கெடுத்துவிடும் என்பதால், முடிந்தால் ஒரு மீட்டர் தூரம் வைத்துக்கொள்வது நல்லது. கடிக்காத பிள்ளையார் எறும்பைத் தேர்ந்தெடுத்தால் சிறு வகுப்புப் பிள்ளைகளும் அச்சமின்றி ஈடுபடலாம். எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை பெய்யும் என்று நம் முன்னோர் சொல்லிவைத்ததையும், ஒரு மழைப்பருவம் முழுவதும் பதிவேடு வைத்துச் சரிபார்க்கலாம். எத்தனை முறை ஏறியபோது மழை வந்தது, எத்தனை முறை வரவில்லை, ஏறாமலே மழை வந்தது எத்தனை முறை என்று மூன்றையும் எழுத வேண்டும். மூன்றாவதை எழுத மறப்பதுதான் பெரியவர்களிடமும் காணப்படும் பழக்கம்.

ஓர் எச்சரிக்கையையும் சேர்க்கிறேன். வெப்பத்தைக் கூட்டுகிறோம் என்று கண்ணாடிப் பாட்டிலில் எறும்பை அடைத்து வெயிலில் வைப்பதும், மெழுகுவர்த்தியைக் காட்டுவதும் சோதனையல்ல, கொடுமை. குளிரில் மயங்கிய பூச்சி பெரும்பாலும் மீண்டும் எழுந்துவிடும். வெப்பத்தில் விழுந்தது எழாது. இயற்கையாகவே வெப்பநிலை மாறும் நேரங்களையும் இடங்களையும் தேடிச் சென்று அளப்பதே முறை. கொசுவைத் தேர்ந்தெடுக்கும் பள்ளிகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வெப்பம் கூடினால் கொசுப்புழு விரைவாக வளர்கிறது என்பதும், டெங்கு வைரஸ் கொசுவின் உடலில் முதிர்வதற்கு ஆகும் நாட்கள் குறைகின்றன என்பதும் மாணவர்கள் அறிய வேண்டியவை. ஆனால் அதற்காகப் பள்ளி வளாகத்தில் கொசுவை வளர்த்துப் பறக்கவிடும் நிலை எவ்வகையிலும் வரக் கூடாது.

கண்காட்சி முறையைப் பற்றி ஒரு சொல். அழகான மாதிரிக்கு மட்டுமே பரிசு என்றால், பிள்ளைகள் கடையில் மாதிரி வாங்குவார்கள். அழகான எண்களுக்கு மட்டுமே பரிசு என்றால், வெறுமையான கட்டத்தை இரவோடிரவாக இட்டு நிரப்புவார்கள். இரண்டாவது தீங்கு முதலாவதைவிடப் பெரிது. நடுவர் நோட்டைத் திறந்து, அடித்துத் திருத்தியிருக்கும் இடத்தில் விரல் வைத்து, இங்கே என்ன நடந்தது என்று கேட்டால், உண்மையில் அளந்த பிள்ளை உடனே கதையாகச் சொல்லத் தொடங்கிவிடும். அளக்காத பிள்ளை தடுமாறும். இதற்குத் தனிப் பயிற்சி எதுவும் வேண்டாம், ஒவ்வொரு மேசைக்கும் சில நிமிடங்கள் கூடுதலாகத் தந்தால் போதும்.

இது நடைமுறைக்கு ஒவ்வாதது என்று சொல்ல முடியாது. 1993 முதல் நடந்துவரும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு, 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் தங்கள் வட்டாரத்திலேயே ஒரு கேள்வியை எடுத்து, அளந்து, பதிவேட்டுடன் அறிக்கை தருவதையே கேட்கிறது, தமிழிலேயே எழுதலாம். நம் மாநிலத்தில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் அதற்காக உழைத்துவருகிறது. மத்திய அரசின் இன்ஸ்பயர்-மானக் திட்டத்தில் தேர்வாகும் மாணவருக்கு, தம் கருத்தை மாதிரியாகச் செய்துகாட்ட 10,000 ரூபாய் தரப்படுகிறது. அதுவும் நல்ல திட்டமே. ஆனால் அளந்து பார்க்கும் சோதனைக்கு அந்தப் பணத்தில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது. வேண்டியது அங்கீகாரம் மட்டுமே.

ஆகவே பள்ளிக் கல்வித் துறைக்குத் தங்கள் வாயிலாக நான் வைக்கும் வேண்டுகோள், கண்காட்சிகளுக்கான மதிப்பெண் தாளில் அளவீட்டுப் பதிவேட்டுக்குத் தனி மதிப்பெண் ஒதுக்க வேண்டும் என்பதும், மாதிரி இல்லாத சோதனைகளை ஒரு தனிப் பிரிவாக ஏற்க வேண்டும் என்பதுமாகும். தங்கள் நாளிதழுக்கு நான் வைக்கும் வேண்டுகோள், கண்காட்சிச் செய்தியில் சிறப்பு விருந்தினர்களின் பெயர்களோடு, ஒரு மாணவர் கேட்ட கேள்வியையும் அவர் அளந்த முறையையும் அவர் கண்ட எண்ணையும் சில வரிகளாவது வெளியிட வேண்டும் என்பது. ஓசூர், தளி பக்கத்துப் பள்ளிகளில் மார்கழிக் காலையில் எறும்பு தயங்கித் தயங்கி நடப்பதையும், சித்திரை முற்பகலில் அதே சாரை விரைந்தோடுவதையும் ஒரே பதிவேட்டில் கொண்டுவர முடியும். துறையின் சுற்றறிக்கை மார்கழிக்கு முன்பே பள்ளிகளுக்குச் சென்றடைந்தால் இந்தக் கல்வியாண்டிலேயே அதைத் தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
தருமபுரி மாவட்டம்.